நோட்டுத் தைக்கும் கிட்: நான்கு நோட்டு தைத்த பிறகு எழுதுகிறேன்

என் தங்கைக்கு இடது கைப் பழக்கம். நோட்டின் வலது பக்கத்தில் எழுதும்போதெல்லாம் அவள் கை நடுவிலிருக்கும் மேட்டின் மேல் ஏறித்தான் உட்காரும். ஸ்பைரல் நோட்டு என்றால் மணிக்கட்டில் கம்பி வரி வரியாகப் பதிந்துவிடும். அமுக்கி விரித்தால் ஒட்டு பைண்டிங் பிளந்து நாலாம் நாள் தாள் கையோடு வரும். "படுக்க வச்சா படுத்துக் கிடக்கிற நோட்டு எங்கயாவது பார்த்தா சொல்லுண்ணா" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். தேடிச் சலித்த பிறகு, நாமே ஒன்று தைத்து அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

நான் பகலெல்லாம் கணக்குப் பார்க்கிற ஆள். சட்டைப் பொத்தான் தைத்ததற்கு மேல் ஊசி பிடித்ததில்லை. அதனால் எல்லா சாமானும் ஒரே பெட்டியில் வருகிற, முதல்முறை செய்பவர்களுக்கான புத்தக பைண்டிங் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். கிட்டத்தட்ட இதே சாமான்களோடு இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. வாங்க யோசிப்பவர்களுக்குப் பெயரைவிட, உள்ளே எது உருப்படி, எது இல்லை என்பதுதான் தேவை.

பெட்டிக்குள் இருந்தவை: எலும்பில் செய்த வழவழப்பான பட்டை ஒன்று, மரப்பிடி போட்ட குத்தூசி, 5 ஊசி, ஒரு ரோல் மெழுகு நூல், ஒரு தேன்மெழுகு வில்லை, சின்ன பாட்டிலில் வெள்ளைப் பசை, பிரஷ், 15 செ.மீ. எஃகு ஸ்கேல், 4 கிளிப், ஏ5 அளவில் வெட்டிய 2 சாம்பல் அட்டை, 40 ஏ4 தாள். கூடவே, மடக்கி மடக்கி வைத்த ஒற்றைத் தாளில் படங்களோடு செய்முறை. இரண்டே மணி நேரத்தில் முதல் புத்தகம் தயார் என்று மூடியில் அச்சடித்திருந்தது. அதைப் பிறகு பேசுவோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த எலும்புப் பட்டை (போன் ஃபோல்டர் என்பார்கள், பெரும்பாலும் மாட்டெலும்பு) ஒன்றுக்காகவே பெட்டியை மன்னிக்கலாம். தாளை மடித்து நகத்தால் தேய்ப்பது நமக்கெல்லாம் பழக்கம்தான். அப்படி மடித்த 5 தாளையும் இந்தப் பட்டையால் ஒருமுறை இழுத்த 5 தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகத்தால் மடித்தது மூச்சு வாங்குகிற மாதிரி மேலே எழும்பி நிற்கும். பட்டையால் இழுத்தது கத்தி மாதிரிப் படிந்துவிடும். கையில் பிடிக்கவும் சுகம். கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் கைச்சூடு அதற்கும் ஏறிவிடும். ஒரே எச்சரிக்கை, கலர்த் தாளின் மேல் நேராகத் தேய்க்காதீர்கள், தேய்த்த இடம் பளபளத்துக் கறை மாதிரித் தெரியும். நடுவில் ஒரு துண்டுத் தாள் வைத்துத் தேய்த்தால் சரி.

குத்தூசியும் நல்ல சாமான். நுனி மெல்லியது, போகப் போகத் தடிப்பது. பிடிவரை அழுத்தினால் பென்சில் போகிற ஓட்டை விழும். ஊசி போகிற அளவுக்கு நுனியை மட்டும் இறக்கினால் போதும். இதைச் செய்முறைத் தாள் சொல்லவில்லை. துளை சரியாக மடிப்பின் முகட்டிலேயே விழவேண்டும் என்பதையும் சொல்லவில்லை. ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் தைத்த பிறகு தாள் கோணலாக நிற்கும். நான் கண்டுபிடித்த வழி: ஒரு பழைய தடிப் புத்தகத்தை நடுவில் விரித்து வைத்து, அந்தப் பள்ளத்தில் மடித்த தாள்களை விரித்துப் போட்டுக் குத்துவது. ஊசி தானாக மடிப்பைத் தேடிப் போகும்.

இனி வயிற்றெரிச்சல்.

பெட்டியில் வந்த 40 தாளையும் ஐந்தைந்தாக மடித்து 8 பாரம் ஆக்கினேன். (பாரம் என்ற சொல்லே எனக்குப் பிறகுதான் வந்தது, வருகிறேன்.) செய்முறையில் கண்டபடி சங்கிலித் தையல் போட்டு, அட்டைக்கு மேல் தாள் ஒட்டி, இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால், நோட்டு விசிறி மாதிரி நிற்கிறது. படுக்கவே மாட்டேன் என்கிறது. திறந்தால் பக்கங்கள் இரண்டு பக்கமும் விழாமல் நட்டுக்கொண்டு நிற்கின்றன. அட்டை இரண்டும் வாய்க்கால் மாதிரி வளைந்திருந்தன. ஒட்டின இடமெல்லாம் சுருக்கம். எங்கே தப்பு செய்தேன் என்று செய்முறையை நாலு முறை படித்தேன். அதன்படி பார்த்தால் தப்பே இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் அச்சகத்தில் பைண்டிங் பார்த்தவர். நோட்டை அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கியவர் தையலைப் பார்க்கவேயில்லை. ஒரு பக்கத்தை மட்டும் விரலால் தட்டிவிட்டு, "தம்பி, தாள் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தீங்களா?" என்றார்.

"தாள் ஓடுமா ஐயா?"

அதே மாதிரி ஏ4 தாள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதை முதலில் நெடுக்கில், நீள ஓரங்கள் இரண்டும் சேர்கிற மாதிரி மெதுவாக வளைத்து, உள்ளங்கையால் அமுக்கிக் காட்டினார். அப்புறம் குறுக்கில். "எந்தப் பக்கம் சொன்ன பேச்சு கேக்குது?" நெடுக்கில் வளைத்தபோது துணி மாதிரி அடங்கியது. குறுக்கில் வளைத்தபோது உள்ளங்கையைத் தள்ளியது. அவ்வளவுதான் பாடம். கிரெயின் என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

தாள் மெஷினில் கூழ் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது ஓடுகிற திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக நீளாது, பக்கவாட்டில்தான் உப்பும். அதனால் தாளும் நாருக்குக் குறுக்காகத்தான் விரியும், காயும்போது அந்த வாக்கில்தான் சுருங்கும். நார் நோட்டின் முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் சுலபமாக வளைந்து படுக்கும், பசை ஈரத்தில் விரிவதும் வெளி ஓரத்தை நோக்கிப் போய்விடும். குறுக்கே ஓடினால் நான் செய்த விசிறிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடையில் கிடைக்கிற ஏ4 தாள் பெரும்பாலும் நீளவாக்கில் நார் ஓடுகிற தாள். அதைப் பாதியாக மடித்து ஏ5 நோட்டு ஆக்கினால், மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். அதாவது, இந்தக் கிட் தயாரித்தவர்கள் ஏ5 நோட்டுக்கு என்று சொல்லி, ஏ5 நோட்டுக்கு ஆகவே ஆகாத தாளைப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ஊசியும் நூலும் கொடுத்து, தோற்பதற்கும் வழிசெய்து கொடுத்த மாதிரி.

பெரியவர் சொன்ன வழி எளிது. ஏ3 தாள் வாங்கி, நடுவில் வெட்டி இரண்டு ஏ4 ஆக்கிக்கொள்ளவேண்டும். ஏ வரிசைத் தாள்களைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனாலும் நீள அகல விகிதம் மாறாது; 1922இல் ஜெர்மனியில் தரப்படுத்தியபோதே அதற்கென்று கணக்குப் போட்ட அளவுகள் அவை. ஒவ்வொரு வெட்டுக்கும் மாறுவது நாரின் திசைதான். ஏ3இல் நீளத்தில் ஓடிய நார், வெட்டிய ஏ4இல் அகலத்தில் ஓடும். அதை மடித்தால் மடிப்போடு சேர்ந்து ஓடும். வெட்டுவதற்கு முன்னால் ஏ3 தாளையும் ஒருமுறை வளைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்தப் பாதிக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, ஆபீசில் கிடந்த தாளையெல்லாம் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாரம் என்ற சொல்லும் அவர் கொடுத்ததுதான். ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் செருகின தாள்களின் கட்டு. "எத்தனை பாரம் போட்டிருக்கீங்க?" என்று அவர் கேட்டபோது, எடையைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நோட்டு ஒற்றைப் பாரம், மூன்று துளை. ஆபீசில் வேலையை விட்டுப் போகிற ஒரு தம்பிக்குச் செய்தேன். முதன்முதலில் இந்தக் கைவேலையைத் தொடுகிறவர்கள் இதில்தான் தொடங்கவேண்டும் என்பேன், கிட் இதைச் சொல்லாமல் நேராகக் கஷ்டமான தையலுக்குப் போய்விடுகிறது. முதுகின் நீளத்தைப் போல் இரண்டரை மடங்கு நூல். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியை விட்டு, ஒரு விரல் நீளம் நூலை உள்ளே வாலாக நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளியே வந்த நூல் மேல் துளை வழியாக உள்ளே போகும். அங்கிருந்து நடுத் துளையைத் தொடாமல் நேரே கீழ்த் துளைக்கு இறங்கி வெளியே வரும். கடைசியாக மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரண்டு நுனியும் நடுத் துளையிடம் இருக்கும். மேலிருந்து கீழே நெடுக ஓடுகிற நூலுக்கு ஒரு நுனி இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்று நிறுத்தி, அதை நடுவில் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டால் தீர்ந்தது. திரும்ப வரும்போது ஊசி ஏற்கெனவே அங்கிருக்கும் நூலைக் குத்திவிடக் கூடாது, அது ஒன்றுதான் கவனம். நூலை இழுக்கும்போது முதுகோடு ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்கவேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் துளை கிழியும். எனக்கு ஒரு தாள் போச்சு.

மூன்றாவது, அண்ணன் மகள் நாலைந்து வருடமாக வரைந்து தள்ளின படங்கள். தனித் தனித் தாள், மடிக்க முடியாது. இதற்கு ஜப்பானியர்களின் நான்கு துளைத் தையல் தோதானது, யொட்சுமே தோஜி என்று பெயர். தாள்களை அடுக்கி, ஓரமாக நான்கு துளை போட்டு, வெளியே தெரிகிற மாதிரி நூலைச் சுற்றிக் கட்டுவது. ஓலைச்சுவடியில் துளை போட்டுக் கயிறு கோத்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பார்க்க அவ்வளவு அழகு. மூடியில் படமும் இந்தத் தையலைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த நோட்டு முழுக்க விரியாது. ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் தையலுக்கே போய்விடும். எழுதுகிற நோட்டுக்குச் சரிவராது, படத்துக்குப் பரவாயில்லை. இடது பக்கம் நெருக்கி வரைந்திருந்த ஒரு பூனையின் வால் தையலுக்குள் போய்விட்டது. பிள்ளை இன்றுவரை மன்னிக்கவில்லை.

தங்கைக்கு உரியது நான்காவது. மறுபடி சங்கிலித் தையல். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் பெயரால் காப்டிக் தையல் என்று அழைக்கிறார்கள். பாரங்களைக் குறுக்கே கட்டிப் பிடிக்க நாடாவோ கயிறோ கிடையாது. ஒவ்வொரு பாரத்தின் நூலும் கீழே இருக்கிற பாரத்தின் நூலைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு மேலே போகும். அதனால் முதுகில் விறைப்பே இல்லை, எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேசையோடு மேசையாகப் படுக்கும். பின்பக்கம் பார்த்தால் பின்னிய சடை. இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு: 1104இல் இங்கிலாந்தின் டர்ஹாமில் புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சின்ன நற்செய்தி நூல் கிடைத்தது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது, இதே வகைத் தையல், சிவப்புத் தோல் அட்டை. அந்தத் தையலோடும் அட்டையோடும் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நம் நோட்டு ஒரு வருடம் தாங்கினால் போதாதா.

இங்கேதான் கிட் நூலின் குணம் தெரிந்தது. லேபிளில் 0.8 மி.மீ. என்று இருந்தது. தடித்த, தட்டையான பாலியெஸ்டர் நூல். ஒவ்வொரு பாரத்தின் மடிப்புக்குள்ளும் ஒரு நூல் ஓடுகிறது, 8 பாரம் என்றால் 8 நூலின் தடிமன் முதுகில் மட்டும் ஏறுகிறது. முன் ஓரத்தில் ஏறுவதில்லை. விளைவு, நோட்டு ஆப்பு மாதிரி ஆகிவிடுகிறது. முதல் நோட்டில் தாள் கெடுத்தது பாதி என்றால் நூல் கெடுத்தது கால். தனியாக, அதைவிட மெல்லியதாக, 18/3 என்று குறித்த லினன் நூல் வாங்கினேன். கிட்டில் வந்த தேன்மெழுகு வில்லை அப்போதுதான் வேலைக்கு வந்தது. நூலை வில்லைமேல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து இரண்டு முறை இழுத்தால் போதும். சிக்கு விழாது, போட்ட தையல் வழுக்கித் தளராது. வில்லையில் இப்போது ஏழெட்டுக் கோடு விழுந்திருக்கிறது. வளைந்த ஊசி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கீழ்ப் பாரத்தின் நூலுக்குப் பின்னால் நுழைந்து வெளியே வர நேர் ஊசி படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. கிட்டில் இருந்த 5 ஊசியும் நேர் ஊசி.

பசை பாட்டிலைத் திறந்தபோதே கழுத்துவரை காய்ந்திருந்தது. அது என் துரதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். வெள்ளைப் பசை சீக்கிரம் பிடிக்கும், பிடித்த பிறகு பிரிக்க முடியாது. பெரியவர் கஞ்சிப் பசை பக்கம். பழைய புத்தகங்களைச் செப்பனிடுகிறவர்களும் மாவுப் பசையை விரும்புவது, தண்ணீர் காட்டிப் பிரித்துவிடலாம் என்பதால்தான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, வெள்ளைப் பசையே தடவினேன். அட்டையின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, வெளியே ஒரு தாள் ஒட்டினால் உள்ளேயும் ஒன்று ஒட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அது அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அட்டையை ஒட்டிக் காயவைத்த பிறகுதான் தைக்கவேண்டும். மேலும் கீழும் மெழுகுத் தாள் வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, ஒரு இரவு. எட்டிப் பார்க்கக் கூடாது.

தாள் வெட்டி மடிக்க ஒரு சாயங்காலம், தைக்க ஒரு சாயங்காலம், நடுவில் அந்த இரவு. மூடியில் போட்டிருந்த இரண்டு மணி நேரம் யாருடைய கடிகாரத்தில் என்று தெரியவில்லை.

அப்போ வாங்கலாமா? எலும்புப் பட்டை, குத்தூசி, மெழுகு வில்லை, ஸ்கேல், இவை நான்கும் நல்ல சாமான், வருடக்கணக்கில் உழைக்கும். நூல், பசை, தாள், செய்முறை, இவை நான்கும் வீண். பட்டையும் குத்தூசியும் தனித்தனியாகக் கிடைத்தால் அப்படியே வாங்கிக்கொண்டு, மிச்சக் காசில் லினன் நூலும் ஒரு வளைந்த ஊசியும் வாங்குங்கள். யாருக்காவது பரிசாகவே இந்தப் பெட்டியைக் கொடுக்க நினைத்தால், தயவுசெய்து உள்ளே இருக்கிற தாளை எடுத்துவிட்டு, சரியாக வெட்டின தாள் 40 வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் முதல் நோட்டோடு தனக்குக் கைவேலை வராது என்று முடிவு கட்டி, பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள்.

தங்கை நோட்டை வாங்கித் திறந்து, மேசைமேல் போட்டு, நடுவில் கையால் தடவிப் பார்த்தாள். "மேடே இல்லண்ணா" என்றாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "இதுல எழுத மனசே வரல, பத்திரமா உள்ள வச்சிருக்கேன்" என்கிறாள். மேடில்லாத நோட்டு அலமாரிக்குள் படுத்துக் கிடக்கிறது! கையால் செய்து கொடுப்பதில் இந்த வம்பு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை அவள் வீட்டுக்குப் போனபோது நோட்டை எடுக்கச் சொல்லி, அவள் பேனாவாலேயே முதல் பக்கத்தில் என் கோழிக்கிறுக்கலில் தேதி போட்டு, ஒரு அடித்தல் திருத்தலும் செய்து வைத்தேன். திட்டினாள். ஆனால் மறுநாளிலிருந்து எழுதுகிறாள், இப்போது மூன்றாம் பாரத்தில் இருக்கிறாளாம். இனி யாருக்குக் கொடுத்தாலும் முதல் பக்கத்தைக் கெடுத்துத்தான் கொடுப்பதாக இருக்கிறேன்.

கிட்டோடு வந்த 0.8 நூல் முக்கால் ரோல் மிச்சம். போன வாரம் செருப்பு வார் அறுந்தது, அந்தக் குத்தூசியையும் அந்த நூலையும் எடுத்துத் தைத்தேன். நன்றாகப் பிடித்திருக்கிறது.